புறாத்தீவு யாருக்கு?

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவை வெள்ளையர் ஆட்சி துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. மாடப்புறாக்கள் வாழும் பாறையைச் சுடுகளமாக்கிய இரசனையை என்னென்பது! 1963 இல் அத்தீவு சரணாலயமாயிற்று. 2003 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

ஆகவே, சட்டத்துக்குக் குறைவில்லை. அனுமதியின்றி எவரும் அங்கே நுழையலாகாது. அனுமதி வழங்கும் அதிகாரம் உடையவர்க்கு அதனை அளந்து வழங்கும் கடமையும் உண்டு என்பதே நாம் படித்த சட்டம்.

தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை அலைக்கழிக்கும் மாதங்களில் நமது கீழைக்கடல் அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் உல்லாசப் பயணிகள் படகேறி வருகின்றனர். 2009 இல் போர் ஓய்ந்தபின் இவர்களின் வருகை பெருகிற்று. முகமூடி அணிந்து நீந்துவோர் களைத்ததும் கால் ஊன்றுவது எதன்மீது? உயிருள்ள பவளத்தின்மீது. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளரும். திரண்டு வளரும் இனமோ அதனினும் மெதுவாகவே வளரும். ஒரு மிதியில், ஒரு நங்கூரத்தில் முறிவது பல்லாண்டு வளர்ச்சி. வேளாண் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை: பவளப்பாறை மீன்குஞ்சுகளின் நாற்றங்கால். நாற்றங்காலில் திருவிழாக் கூட்டத்தை நடக்கவிட்டு அறுவடையை எதிர்பார்க்கும் உழவன் உண்டா?

பூங்கா எல்லைக்குள் மீன்பிடிப்பது குற்றம். அத்தடையை நாம் ஏற்கிறோம். ஆனால், வலையைத் தண்டித்துக் காலை மன்னிப்பது நீதியன்று. கடலை விட்டுக்கொடுத்தவன் நிலாவெளி மீனவன். அதன் பயனில் முதற்பங்கு கேட்கும் உரிமை அவனுக்குண்டு.

தீவை முற்றாக மூடிவிடுக என்போரும் உளர். படகோட்டிப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பை நினையாதவர் கூற்று அது. எனினும், படகுக்காரர் ஹிக்கடுவையைப் பார்க்கட்டும். 1979 இல் சரணாலயமாக்கப்பட்டும் அங்கே கண்ணாடி அடித்தளப் படகுகளும் பயணிகளின் கால்களும் பவளத்தைச் சிதைத்தன. 1998 இல் கடல் வெப்பமேறியபோது எஞ்சியதிலும் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. வெப்பத்தை நாம் தடுக்க வல்லமல்லோம், மிதிப்பதைத் தடுக்கலாம்.

தாய்லாந்து 2018 இல் மாயா விரிகுடாவை மூடியது. துடுப்புமுனை கறுத்த சுறாக்கள் அங்கே திரும்பி வந்தன. அதே இனம் நம் புறாத்தீவிலும் உண்டு. 2022 இல் திறந்தபோது விரிகுடாவுக்குள் படகு நுழையவிடவில்லை. வருவோர் தொகைக்கும் வரம்பிட்டனர்.

வனசீவராசிகள் திணைக்களத்தை நாம் கேட்பது இதுதான். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பைத் தகுந்த ஆய்வின்பேரில் விதியாக்குக. நங்கூரத்தை அறவே ஒழித்து, படகு கட்ட மிதவைகள் இடுக. ஆழமற்ற இடங்களில் நீந்துவதை நிறுத்துக. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை நிலாவெளிப் படகுக்காரர், மீனவர் சங்கங்களுக்கு ஒதுக்கி, காவற்பணியை அவர்களிடமே ஒப்படைக்குக. அடுத்த பருவத்தின் முதற்படகு புறப்படுமுன் இவை வர்த்தமானியில் வெளிவரவேண்டும்.