அந்தத் தம்ளர்

கலாசாலை மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு வியாசத்துடன் நம்மிடம் வந்தார். “என் கொள்கைகளும் என் பட்சபாதங்களும்” என்பது உபாத்தியாயர் கொடுத்த தலைப்பாம். கொள்கைகளுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார். சத்தியம், சமத்துவம், தேசபக்தி ஒன்றும் பாக்கியில்லை. பட்சபாதங்களுக்கோ மூன்றே வரி. தேநீரைவிடக் காப்பியில் பிரியம் அதிகம் என்பது அவற்றில் ஒன்று!

நாம் சிரித்தோம். அன்றிரவு நாமே அந்த வியாசத்தை எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. “நமக்குச் சாதி வித்தியாசம் கிடையாது” என்று முதல் வாக்கியம் எழுதினோம். வீட்டு எஜமானி அதைப் படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கென்று கொல்லைப்புற ஜன்னலில் தனியே கவிழ்த்து வைத்திருக்கும் தம்ளரைக் கொண்டுவந்து, காகிதத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதை ஒதுக்கி வைத்தவர் காலஞ்சென்ற நம் தாயார். ஒதுக்கியபடியே விட்டு வைத்தவர்கள் நாங்கள் இருவரும்.

இத்தகைய வியாசத்துக்கு மகாத்மா காந்தியின் ‘சத்திய சோதனை’யைவிடச் சிறந்த பாடபுத்தகம் இல்லை. 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ என்னும் குஜராத்தி வாரப் பத்திரிகையில் வெளிவந்த சரிதம் அது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் 1898-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் அதில் வருகிறது. காந்திஜியின் குமாஸ்தாக்கள் அவர் வீட்டிலேயே தங்குவதுண்டு. அறைகளில் வைத்திருந்த சிறுநீர்ச் சட்டிகளை வேலைக்காரரிடம் விடாமல் கணவனும் மனைவியுமே சுத்தம் செய்வார்கள். புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியை எடுத்துக்கொண்டு கஸ்தூரிபாய் கண்ணீருடன் படியிறங்கினார். சட்டியை எடுத்தது போதாது, சந்தோஷமாகவும் எடுக்க வேண்டும் என்றார் காந்திஜி. வாக்குவாதம் முற்றியது. மனைவியின் கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துச் சென்று, வெளியே தள்ளக் கதவையும் திறந்துவிட்டார். “வெட்கமில்லையா? அந்நிய நாட்டில் நான் எங்கே போவேன்?” என்ற பொருள்பட அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் அவருக்குச் சுய நினைவு வந்தது.

அன்று அவர் கொண்ட கொள்கை பிசகானதல்ல, மிக உயர்ந்தது. அந்தக் கொள்கைக்குள்ளேயே, “மனைவி என் சொற்படி நடக்க வேண்டும், முகமலர்ச்சியோடும் நடக்க வேண்டும்” என்ற புருஷ அகங்காரம் குடியிருந்தது. நம்முடைய பட்சபாதங்களை நாம் துர்க்குணங்களின் நடுவே தேடுகிறோம். அவையோ சற்குணங்களின் நிழலில் சௌக்கியமாக வாசம் செய்கின்றன. காந்திஜி அதைக் கண்டுகொண்டார். கண்டதைத் தம் வாசகர்கள் அறிய அச்சிலும் ஏற்றினார்.

ஆகையால் மாணவரிடம் நாம் சொன்னது இதுதான்: “தம்பி, ஒரு கொள்கை போதும். அதற்காக யார் கண்ணீர் விட்டார்கள், யார் விஷயத்தில் அது அமலுக்கு வரவே இல்லை என்று யோசித்து, நடந்த ஒரு சம்பவத்தை அப்படியே எழுது.”

நம்முடைய வியாசம் இன்னும் முடியவில்லை. முதல் வாக்கியத்தை அடித்துவிட்டோம். தம்ளரும் மற்றத் தம்ளர்களுடன் அலமாரியில் சேர்ந்துவிட்டது. ஆயினும் மறுநாள் காலை காப்பி வந்தபோது, “இது அந்தத் தம்ளரோ?” என்று நம் கை ஒரு கணம் தயங்கிற்று. அந்த ஒரு கணத்தையும் எழுதிச் சேர்த்திருக்கிறோம்.