பார்வையாளர் இல்லாத பள்ளி

பெரிய பள்ளியொன்றில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும்போது, திடலில் ஓடுபவர் சிலர். கூடாரத்தில் அமர்ந்து கைதட்டுபவர் பலர். முப்பது மாணவர்கள் மட்டுமே பயிலும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் நிலைமை வேறு. நூறு மீட்டர் ஓட்டத்தை முடித்த மாணவி, மூச்சு வாங்கியபடியே அஞ்சல் ஓட்டத்திற்கு வரிசையில் நிற்கிறாள். ஓட்டத்தில் பின்தங்கும் மாணவனுக்கும் குண்டு எறிதலில் ஓர் இடம் உண்டு. அங்கே பார்வையாளர்கள் பெற்றோர் மட்டுமே.

மலேசியாவில் 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளியாக வகைப்படுத்தப்படுகிறது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுள் பல, இரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிக் கட்டடம் அங்கேயே நின்றது; பிள்ளைகள் குறைந்தனர்.

இத்தகைய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். “அங்கே என்ன நடவடிக்கை இருக்கப்போகிறது?” என்பது அவர்களின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். முப்பது பேரில் ஆறு ஆண்டு மாணவர்களும் அடங்குவர். பதினொருவர் கொண்ட காற்பந்துக் குழுவை அமைக்கவே அப்பள்ளி திணறும். ஆசிரியர் ஒருவரே சாரணர் இயக்கம், தமிழ்மொழிக் கழகம், பூப்பந்து ஆகிய மூன்றையும் கவனிக்க நேரலாம். மேலும், ஆறு ஆண்டுகள் அதே சில முகங்களோடு பழகிய மாணவர், நூற்றுக்கணக்கானோர் பயிலும் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்திற்குச் செல்லும்போது மிரள்வதும் உண்டு.

எனினும், ஒரு பள்ளியில் எத்தனை கழகங்கள் உள்ளன என்பதைவிட, எத்தனை மாணவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பதே முதன்மையானது. ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு விளையாட்டிலாவது ஈடுபட வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்நோக்கம் எளிதில் நிறைவேறக்கூடிய இடம் சிறிய பள்ளியே. சபைகூடலை வழிநடத்துதல், நூலகப் புத்தகங்களை அடுக்குதல், ஆசிரியர் தின விழாவில் வரவேற்புரை ஆற்றுதல் என ஒவ்வொரு பணிக்கும் ஆள் தேவை. ஆகவே, பெரிய பள்ளியில் கடைசி வரிசையில் ஒதுங்கியிருக்கக்கூடிய கூச்ச சுபாவமுள்ள மாணவனும் இங்கே ஒலிவாங்கியின்முன் நிற்கிறான். முதல்முறை குரல் நடுங்கும். மூன்றாம்முறை நடுக்கம் குறையும்.

சிறிய பள்ளியில் வயது வேறுபாடும் ஒரு பாடமாகிறது. ஆறாம் ஆண்டு அக்காள் முதலாம் ஆண்டுத் தங்கைக்குக் கோலாட்டம் பழக்குகிறாள். கற்றுக்கொடுப்பவள் பொறுமையைக் கற்கிறாள்; கற்றுக்கொள்பவள் தானும் ஒருநாள் பிறருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை உணர்கிறாள்.

ஆயினும், சிறிய பள்ளி என்பதாலேயே இந்நன்மைகள் தாமாக வந்துவிடா. திறமையான மாணவி ஒருத்தியையே பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, ஓட்டப்பந்தயம் என எல்லாவற்றுக்கும் அனுப்பினால், அவள் களைத்துப் போவாள். மற்றவர்கள் மீண்டும் பார்வையாளர் ஆவர். கிண்ணம் ஒன்று குறைந்தாலும், பங்கேற்பவர் ஒருவர் கூடுவதே பள்ளிக்குப் பெருமை என்பதை ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஏற்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறைக்கும் வழி உண்டு. ஓர் அணிக்கு மூவரே போதுமான செப்பாக் தக்ரோ, இருவர் ஆடும் சதுரங்கம் போன்றவற்றை முதலில் வளர்க்கலாம். அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் மாதம் ஒருமுறை ஒரே திடலில் கூடிப் பயிற்சி செய்யலாம். இதனால் காற்பந்துக் குழுவும் அமையும். புதிய நண்பர்களும் கிடைப்பர். இடைநிலைப்பள்ளியில் அறிமுகமற்ற முகங்களைக் கண்டு மிரளும் நிலையும் குறையும்.

மாணவர் எண்ணிக்கை குறைவதைத் தடுப்பது ஒரு பள்ளியின் கையில் மட்டும் இல்லை. ஆனால், இருக்கும் மாணவருள் எவரையும் ஓரத்தில் உட்கார வைக்காமல் இருப்பது அதன் கையில்தான் உள்ளது. பிள்ளையைச் சேர்க்கப் பள்ளியைத் தேடும் பெற்றோர், அங்குள்ள கிண்ணங்களை எண்ணுவதோடு நில்லாமல், “இங்கே என் பிள்ளைக்கு எப்போது முறை வரும்?” என்றும் கேட்க வேண்டும். “நாளைக்கே” என்று துணிந்து விடை கூறும் பள்ளி, அளவில் சிறியதாயினும் தரத்தில் சிறியதன்று.