மனமில்லாதவர் யார்?

உழைப்பாளி மக்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள மனமில்லை, அறியாமையில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று 2021-ல் பட்டணத்துக் கனவான்கள் புலம்பினார்கள். கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் அதே பல்லவிதான். திருநாவலூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவரும், கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவரும், ஆலையில் ஷிப்டு பார்க்கிறவரும்தான் குற்றவாளிகளாம்! இந்தப் பழியை நாம் ஏற்கவில்லை. சர்க்காரின் கணக்கைக் கொண்டே மறுக்கிறோம்.

2020 மே, ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் 70 ஜில்லாக்களில் வீடு வீடாகப் போய் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தது. நமக்கு அடுத்த திருவண்ணாமலையும் அதில் ஒன்று. கிருமி உடம்பில் புகுந்தால் அதை எதிர்த்து உடம்பு ஒரு பொருளை உண்டாக்குகிறது. கிருமி போன பிறகும் அது ரத்தத்தில் தங்கும். அதை அளந்தால், காய்ச்சலே தெரியாமல் நோய் வந்து போனவர்களையும் எண்ணிவிடலாம். நல்ல விஞ்ஞானம். ரத்தம் கேட்டு வருகிறவரிடம் கதவைச் சாத்தும்படி நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம்.

அந்தக் கணக்கு சொன்னது என்ன? ஏட்டில் ஏறிய நோயாளி ஒருவருக்கு, உண்மையில் நோய் கண்டவர்கள் 82 முதல் 130 பேர் வரை! நாடு முழுவதும் 64 லட்சம் பேர்! ஜூன் தொடக்கத்தில் எடுத்து முடித்த இந்தக் கணக்கு, செப்டம்பரில்தான் அச்சேறியது. ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்த இரண்டாவது கணக்கில், நகரச் சேரிகளில் 100-க்கு 15.6 பேர், மற்ற நகரப் பகுதிகளில் 8.2 பேர். ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்து எழும் இடத்தில் இரண்டு கஜம் தள்ளி நில் என்றால் எங்கே நிற்பது?

ரத்தத்தை அளந்தது போலவே மனத்தையும் அளக்கப் புறப்பட்டார்கள். "ஊசி போட்டுக்கொள்ள விருப்பமா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஏன் தயங்குகிறார் என்பதல்லவா விஷயம்!

பயம் இருந்தது, மறைக்கவில்லை. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் காலமானார். மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம் வதந்திக்குத் திறந்துவிட்ட களம்! ஆனால் கூலிக்காரரின் பெரிய பயம் வேறு. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போச்சு. இதற்குப் பெயர் மூடநம்பிக்கையா?

ஒரே கோவிஷீல்டு ஊசிக்கு மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 என்று மூன்று விலை. உற்பத்தியில் நாலில் ஒரு பங்கு தனியாருக்கு ஒதுக்கீடு. தனியாரிடம் கோவாக்சின் 1,410 ரூபாய் வரை. இரண்டு ஊசி போட்டால், அன்று நூறுநாள் வேலையில் 273 ரூபாய் பெற்றவருக்குப் பத்து நாள் கூலியும் போதாது. இலவசமாகப் போடும் சர்க்கார் முகாமிலோ, ஜூன் தொடக்கத்தில் சரக்கே இல்லை.

சரக்கு ஏன் இல்லை? கிண்டி பி.சி.ஜி. கூடமும் குன்னூர் பாஸ்டர் நிலையமும் பொதுச் சொத்து. தரவிதியைக் காட்டி 2008-ல் இரண்டின் லைசென்சையும் நிறுத்தி, 2010-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் 100 ஏக்கரில் தடுப்பூசி வளாகத்துக்கு 2012-ல் அனுமதி தந்தார்கள். 2021 மே மாதம் மாநில முதல்வர் போய்ப் பார்த்தபோதும் அங்கே உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. மனமில்லாதவர் யார்?

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். குண்டையூர் நெல்லைச் சுமக்க ஆள் வேண்டுமென்று அவர் பதிகம் பாடிக் கேட்டாராம். நம்மவருக்குப் பதிகம் வராது. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழகத்தில் 40,000 இடங்களில் முகாம் போட்டார்கள். 20 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து நின்றார்கள். ஓய்வு நாள், பக்கத்துத் தெரு, கையில் மருந்து. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இனி எந்த நோய்க்குக் கணக்கெடுத்தாலும் அதன் முடிவைச் சுடச்சுடக் கிராம சபையிலும் ஆலை வாசலிலும் வாசிக்க வேண்டும். ஊசி நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளத்துடன் லீவு வேண்டும். "விருப்பமா?" என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் படிவத்தில் அச்சடியுங்கள்: "அந்த இரண்டு நாள் கூலியைத் தருவீரா?" அதை ஆலை முதலாளியிடமும் நிலச்சொந்தக்காரரிடமும் கேட்டு, அவர்கள் பதிலையும் நூற்றுக்கு இத்தனை என்று வெளியிடுங்கள்.