பகலில் குடிக்காத தண்ணீர்

சித்திக்கு 58 வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஏறக்குறைய 30 வருட வேலை. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக வந்து எங்கள் வீட்டில் தங்கியபோது, ராத்திரி 4 முறை பாத்ரூம் விளக்கு எரிந்தது. காலையில் கேட்டேன். "வயசானா அப்படித்தான் தாயி. முட்டிக்கிட்டு வருது. எந்திரிச்சுப் போறதுக்குள்ள..." என்று பாதியில் நிறுத்திவிட்டு, காப்பி டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அந்தப் பாதி வாக்கியத்துக்குள் விருதுநகர் மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சாத்தூர், திருத்தங்கல், தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை ஊர்களிலிருந்து விடியற்காலையில் வேன் ஏறிப் போகிறவர்கள். தூக்கம் கெடுவதை வயதின் கணக்கிலும், துணி நனைவதை மானத்தின் கணக்கிலும் எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போகிறவர்கள்.

இந்தத் தொல்லைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. சிறுநீர்ப்பையின் தசை, பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்கி, அடக்க முடியாத அவசரத்தை உண்டாக்குவதை 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்கிறார்கள். இரவில் சிறுநீருக்காகத் தூக்கம் கலைந்து எழுவது 'நொக்டூரியா'. இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். ஒருமுறை எழுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று போனால் காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோய், கிருமித்தொற்று, கால் வீக்கம், இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு முட்டும் தூக்கக் கோளாறு, மலச்சிக்கல், ஆண்களுக்கு புரோஸ்டேட் வீக்கம், பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள் என்று பல வாசல்கள் இதற்கு உண்டு. ஆனால் சித்தியிடம் பேசப் பேச, இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வாசல் தெரிந்தது. அது அவருடைய வேலை நேரம்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். போயிட்டு வந்தா கூலி குறையும்" என்றார்.

பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை வெடிக்கக் கூடாது என்பதற்காக அறைகளை இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். ஓர் அறைக்கு 4 பேர். மின்விசிறி கிடையாது. கழிப்பறை எங்கோ ஒரு மூலையில் இருக்கும். போக வேண்டுமென்றால் அலுமினியத் தூள் அப்பிய கையைக் கழுவி, வெயிலில் நடந்து, வரிசை இருந்தால் நின்று, மறுபடி நடந்து வர வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு இது நேர விரயம் மட்டுமல்ல, பண நஷ்டம். அதனால் உடலோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்: சாயங்காலம் வரை கேட்காதே, நானும் கொடுக்க மாட்டேன்.

உடல் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கரிசல் காட்டு வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகிறது. அடர்ந்த சிறுநீர் பையின் உட்சுவரை உறுத்துகிறது. கல் சேரவும், தொற்று வரவும் இடம் கொடுக்கிறது. சென்னை ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும், வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசியது. வேலையிடத்தில் சரியான கழிப்பறை இல்லாததும் வெப்பமும் சேர்ந்து, பெண்களின் சிறுநீர்ப்பாதைத் தொல்லைகளுக்கு வழிவிடுகின்றன. பட்டாசு அறைக்கும் அந்த ஆய்வின் களங்களுக்கும் பெரிய தூரம் இல்லை என்பது என் எண்ணம்.

சித்திக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும், அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் கொடுத்தேன். 3 நாள் குறிப்பு: எப்போது, எவ்வளவு குடித்தோம், எப்போது, எவ்வளவு போனது. சிறுநீரகத் துறை மருத்துவர்கள் எந்த ஸ்கேனுக்கும் முன்னால் கேட்க விரும்புவது இதைத்தான். வாழ்நாள் முழுக்க எண்ணியே சம்பாதித்த பெண்ணுக்கு இது கஷ்டமாக இல்லை. எழுதிய பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. காலை 8 மணி முதல் மாலை 5.30 வரையான கட்டத்தில் ஒரே ஒரு கோடு. அரை லிட்டர் தண்ணீர். வீடு திரும்பியதும் இரண்டு செம்பு தண்ணீர், இரண்டு முறை டீ, ராத்திரி ரசம், படுக்கும் முன் மறுபடி தண்ணீர். ஒரு நாள் முழுக்கப் போன 1,500 மில்லியில், படுத்தபிறகு போனது மட்டும் 800. வயதானவர்களுக்கு இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினாலே அதிகம்.

இந்தக் குவளைக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. ஒவ்வொரு தடவையும் 300 மில்லி போனால், இரவில் சிறுநீர் அதிகம் சுரக்கிறது என்று பொருள். 80, 100 என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், பை அவசரப்படுகிறது என்று பொருள். சித்திக்கு இரண்டும் கலந்திருந்தது. மருத்துவம் இரண்டுக்கும் வேறு வேறு.

அதனால்தான் "தண்ணியக் குறைங்க" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது பொருந்தலாம். சிவகாசி வெயிலில் அரை லிட்டரில் பகலை ஓட்டுகிறவரிடம் அதைச் சொல்வது கொடுமை. அவர் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, குடிக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். காலையிலும் பகலிலும் கூட்டி, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைக்க வேண்டும். மாலை டீயை மதியத்துக்குத் தள்ளலாம். கால் வீங்குகிறவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால், காலில் தேங்கிய நீர் தூங்குவதற்கு முன்பே வெளியேறும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அவசரப்படும் பையைப் பழக்கவும் முடியும். முட்டும்போது ஓடினால் அவசரம்தான் கூடும். நின்று அல்லது உட்கார்ந்து, சிறுநீரை நிறுத்துவதுபோல் இடுப்புத் தளத் தசையை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விட்டால், அந்த அலை தணியும். பிறகு நடந்து போகலாம். வீட்டில் அரை மணிக்கொரு தடவை போகிறவர்கள் இடைவெளியைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டி, மூன்று மணி நேரம் வரை கொண்டுவர முயலலாம். 6 வாரமாவது பொறுமை வேண்டும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் மாத்திரைகள் உண்டு. சில மாத்திரைகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், முதியவர்களின் ஞாபகத்தைக் குழப்பும். மிராபெக்ரான் என்ற மாத்திரை ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளல்ல இவை. சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், வலி, போக முடியாமல் அடைப்பது ஆகியவை இருந்தால் நோட்டும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி நிர்வாகத்தின் பக்கம். 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே, கழிப்பறை தொழிலாளர்களுக்கு வேலை நேரம் முழுவதும் வசதியாகச் சென்றடையும்படி இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக இருக்க வேண்டும் என்றது. 'வேலை நேரம் முழுவதும்' என்பதற்குப் பொருள், கதவு திறந்திருப்பது மட்டும்தானா? போனால் கூலி குறையும் என்றால், அந்தக் கழிப்பறை பூட்டியிருப்பதற்குச் சமம்தான். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய விஜி, முதலில் எழுப்பியது கழிப்பறைக் கோரிக்கையைத்தான். அதிலிருந்து வளர்ந்த போராட்டம் 2018-ல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-ல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. கடைக்குக் கிடைத்த கவனம் ஆலைக்குக் கிடைக்கக் கூடாதா? காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, கூலி வெட்டில்லாத 15 நிமிட இடைவேளை. அறைகளுக்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர். பெண்களின் எண்ணிக்கைக்கேற்ற கழிப்பறைகள். உற்பத்தி இதனால் சாய்ந்துவிடாது. தூக்கம் கெட்ட கண்களோடு வெடிமருந்து கையாள்வதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிற பெண் பணியாளர், "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். ஆண் மருத்துவரிடம் சொல்லாததைத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் சொல்வார்கள்.

சித்திக்கு சர்க்கரை இல்லை, தொற்றும் இல்லை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் தண்ணீரைக் கூட்டி, இரவில் குறைக்கிறார். அந்த இரவுகளில் ஒரு முறைதான் எழுகிறாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு விளக்கு போட்டாயிற்று, வழுக்கும் மிதியடியை எடுத்தாயிற்று. சென்ற வாரம் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார். வேலை நாட்களின் பகல் கட்டத்தில் இன்னமும் ஒரே கோடுதான்.