ஒரு பெயரில் இரண்டு உழைப்பு

தோட்டக் கணக்கில் கணவனும் மனைவியும் தனித்தனித் தொழிலாளர்கள். செக்ரோலில் ஆளுக்கு ஒரு வரி. சம்பளச் சீட்டும் ஆளுக்கு ஒன்று. ஆனால் உழைப்பு அப்படித் தனித்தனியாக நடப்பதில்லை. ஒருவரின் வேலை நேரம் மாறினால் மற்றவரின் நேரமும் மாறுகிறது. ஒருவரின் வேலை போனால் மற்றவர் காட்டுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இது குடும்ப விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இது கூலி விஷயம் என்பதே நமது பதில்.

பால்மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு வந்தாக வேண்டும். கணவன் ஐந்தரை மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டுமானால், மனைவி நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அவளும் பால் வெட்டுகிறவளானால், சோறாக்கி, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அதே பெரட்டுக்கு ஓடிவர வேண்டும். கொட்டகை திறக்கத் தாமதமானால், தாமதமாக வந்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும். கணவனுக்கு வருவதில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. நிரை பெரிதாக இருக்கும் இடத்தில் கணவன் முன்னே மரம் வெட்டிப் போகிறான். மனைவி பின்னே மங்கு துடைத்து, ஒட்டுப்பால் எடுத்து, பால் சேர்த்து உதவுகிறாள். செம்பனைக் காட்டிலும் இதே கதைதான்: அவன் குலை வெட்ட, அவள் உதிரிப்பழம் பொறுக்குகிறாள். செக்ரோலில் அவள் பெயர் இல்லை.

2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். எடைக்குக் கூலி வாங்குவோருக்கும் அந்தத் தொகை குறையக் கூடாது. ஆனால் இரண்டு பேர் உழைத்து ஒருவர் பெயரில் 1,700 வந்தால், சட்டம் நிறைவேறிவிட்டதாகப் புத்தகம் காட்டும். உண்மையில் ஆளுக்குக் கிடைத்தது பாதிதான். அந்தப் பெண் பால் வாளியோடு சறுக்கி விழுந்தால், தொழிலாளி என்ற முறையில் அவளுக்குச் சொக்சோ இல்லை. அறுபது வயதில் எடுக்க அவள் பெயரில் சேமநிதியும் இல்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் நல்லதே. ஆனால் அது வீட்டு வேலைக்காக ஏற்பட்டது. தோட்ட வேலைக்குத் தோட்டந்தான் பொறுப்பேற்க வேண்டும்.

வீடும் இருவரையும் கட்டிப்போடுகிறது. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. கணவன் பட்டணத்தில் நல்ல வேலைக்குப் போனால், வீட்டைக் காப்பாற்ற மனைவி தோட்டத்திலேயே பெயர் கொடுத்து நிற்கிறாள். முழங்கால் நொந்தாலும் விட முடிவதில்லை. அவள் விட்டால் கூரை போய்விடும். இதை அவளாக விரும்பிச் செய்யும் வேலை என்று யார் சொல்ல முடியும்?

தீபகற்ப மலேசியாவின் வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்டது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தகப்பனுக்கும் 7 நாள் சம்பள விடுப்பு வந்தது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். அதே திருத்தத்தில், இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரை பெண்களைத் தோட்ட வேலைக்கு அழைக்கக் கூடாது என்ற பழைய தடையும் நீங்கியது. பெண்ணுக்கு எந்த நேர வேலையும் திறந்திருப்பது நியாயமே. ஆனால் இருவரையும் ஐந்து மணிக்கு முன்பே அழைத்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அந்தப் பதிலை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது சங்கத்தின் கடமை.

பிரான்சு நாட்டின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். 1998லும் 2000லும் இயற்றிய சட்டங்களால் அங்கே வார வேலை 39 மணியிலிருந்து 35 ஆகியது. மனைவியின் நேரம் குறைந்த வீடுகளில் கணவன்மாரும் வாரத்துக்குச் சுமார் அரை மணி நேரம் வேலையைக் குறைத்துக்கொண்டதாக ஆய்வாளர் கண்டனர். கணவனின் நேரம் குறைந்த வீடுகளிலோ மனைவியின் வேலை நேரம் அவ்வளவாக மாறவில்லை. ஒருவருக்குக் கிடைக்கும் ஓய்வு மற்றவரையும் தொடுகிறது. ஆனால் பெண்ணுக்கு வரவேண்டியது தானாக வந்து சேர்வதில்லை. அதைத் தனியே கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

ஆகவே நாம் கேட்பது இவை. காட்டில் கை வைக்கும் ஒவ்வொருவர் பெயரும் செக்ரோலில் ஏற வேண்டும். ஒருவர் தனியாக முடிக்கக்கூடிய அளவிலேயே நிரை கொடுக்க வேண்டும். பெரட்டு நேரத்துக்கு முன்பே ஆயாக் கொட்டகை திறந்திருக்க வேண்டும். ஒருவர் வேலை மாறினால் குடும்பத்தின் வீடு உடனே பறிபோகக் கூடாது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நிரையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இருக்கிறவர்களை எழுதுங்கள். மாதக் கடைசியில் இருட்டும்வரை நீங்கள் ஆபீசில் உட்கார முடிவதும், வீட்டில் ஒருவர் உங்கள் பங்கையும் சேர்த்துச் செய்வதால்தான்.

ஆண் தோழர்களே! உங்கள் மனைவியின் உழைப்பை உங்கள் பெயரில் எழுதிக் கொடுப்பது குடும்பத்துக்கு லாபமல்ல. அது நிர்வாகத்துக்குத்தான் லாபம். பிள்ளை பிறந்தால் அந்த 7 நாளை விடாமல் எடுங்கள். விடியுமுன் அடுப்படியில் ஒரு கை கொடுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள். இருவர் உழைப்புக்கு இருவர் கூலி என்ற கோரிக்கையை இருவர் வாயாலும் கேட்போம்.