நாலு ராத்திரி வேணும்!

ஸ்கூல் டூர் என்றால் நம் ஊரில் ஒரே ஃபார்முலாதான். விடிகாலை 5 மணிக்கு பஸ். வாந்தி எடுக்கிற பையனுக்கு ஜன்னலோர சீட். மகாபலிபுரம், வண்டலூர், நடுவில் ஒரு தீம் பார்க். ராத்திரி 11 மணிக்கு ஸ்கூல் கேட் எதிரே அப்பாக்கள் பைக்கோடு வெயிட்டிங். அவ்ளோதான், டூர் ஓவர்!

தப்பே இல்லை மக்களே. ஆனா, அது டூர். இந்த வாரம் நாம பேசப்போறது கேம்ப். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரி அங்கேயே தங்கணும்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கறீங்களா? ஒரு ஃப்ளாஷ்பேக் போவோம். 1941, இரண்டாம் உலகப் போர். அட்லான்டிக் கடலில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனி முதலாளி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். உயிர்காக்கும் படகில் ஏறிய பிறகு, கட்டுமஸ்தான இளம் மாலுமிகள் சீக்கிரமே துவண்டு போனார்கள். வயசான மாலுமிகள் தாக்குப்பிடித்துக் கரை சேர்ந்தார்கள். இளசுகளுக்கு உடம்பில் தெம்பு இருந்தது; 'தாங்கிடலாம்'கிற நம்பிக்கைதான் இல்லை.

ஹிட்லரை எதிர்த்து, ஜெர்மனியை விட்டு வந்திருந்த கர்ட் ஹான் என்ற வாத்தியாரோடு கைகோத்தார் ஹோல்ட். வேல்ஸ் நாட்டில் அபர்டோவி என்ற கடலோர ஊரில், பசங்க தங்கிப் பழகுகிற ஒரு பள்ளி பிறந்தது. பேர், 'அவுட்வர்ட் பவுண்ட்'. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற அவுட்டோர் கேம்ப் பலவற்றுக்கு அதுதான் தாத்தா. 2024-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் லிஸ் ஸ்மித் என்ற உறுப்பினர் இதற்காக ஒரு மசோதாவே கொண்டுவந்தார். ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் காலம் முடிவதற்குள் குறைந்தது 5 பகல், 4 இரவு இப்படித் தங்கிக் கற்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஏன் 4 இரவு? கேம்ப் போன யாரையாவது கேட்டுப் பாருங்க. முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. அம்மா ஞாபகம், கொசுக்கடி, பக்கத்து ஆள் குறட்டை. ரெண்டாவது நாள் சண்டை. பாத்திரம் யார் கழுவறது, தண்ணி யார் தூக்கறதுன்னு. மூணாவது நாள் சொல்லாமலே ஒருத்தன் வெங்காயம் உரிப்பான், இன்னொருத்தன் அடுப்பு பத்த வைப்பான். நாலாவது நாள் 'ஊருக்குப் போகணுமா சார்?'னு கேட்பான். இந்த மாற்றம் பஸ் டூரில் நடக்கவே நடக்காது. ஏன்னா, சண்டை முடிந்து சமாதானம் ஆவதற்குள் டூர் முடிந்துவிடும்.

சரி, நம்ம பாண்டிக்கு வருவோம். இதற்காக ஊட்டி, கொடைக்கானல் வரை ஓட வேண்டாம். நம்ம ஊரின் பெஸ்ட் பாடங்கள் எல்லாம் ஸ்கூல் டைமில் நடப்பதே இல்லை என்பதுதான் விஷயம்!

ஊசுட்டேரியை எடுத்துக்குங்க. 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைப் பார்க்கணும்னா விடியும்போது கரையில் இருக்கணும். ஸ்கூல் பஸ் போய்ச் சேருகிற 11 மணிக்கு வெயிலும் தண்ணியும்தான் மிச்சம். கடலும் அப்படித்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் நம்ம கரைக்கு வந்து முட்டையிடும். ஒரு குழியில் சுமார் 100 முட்டை. குஞ்சு ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. பயாலஜி புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து மறப்பதை, வனத்துறை ஆட்களோடு டார்ச்சை அணைத்துவிட்டு மணலில் நடந்து பார்த்தால் எந்தப் பையன் மறப்பான்? ஆனா, ஆமை வர்றது ராத்திரியில்!

தங்கிக் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆரோவில் பக்கம் சாட்சி இருக்கு. 2003 டிசம்பரில் அவிராம், யோரிட் ரோசின் தம்பதி ஆரம்பித்த 'சாதனா ஃபாரஸ்ட்'. மண் அரித்துப்போன சுமார் 70 ஏக்கர் செம்மண் பூமி அது. பல நாடுகளிலிருந்து வந்த வாலன்டியர்கள் கீற்றுக் குடிசையில் தங்கி, சோலார் கரன்டில் வாழ்ந்து, வரப்பு போட்டு மழை நீரைத் தேக்கி, மரம் நட்டு அதைக் காடாக்கி வருகிறார்கள். யாரோ எங்கிருந்தோ வந்து நம்ம மண்ணில் தங்கிக் கத்துக்கறாங்க. நம்ம முத்தியால்பேட்டை பையனும், வில்லியனூர் பொண்ணும் எப்போ தங்கப் போறாங்க?

இங்கேதான் சிக்கல். காசு இருக்கிற ஸ்கூல்கள் கேம்ப் கம்பெனியைக் கூப்பிட்டு அனுப்பிடறாங்க. அரசுப் பள்ளியில் என்.சி.சி., சாரணர் இயக்கத்தில் இருந்தால் சான்ஸ். மத்தவங்களுக்கு? 2020 தேசிய கல்விக் கொள்கை 6 முதல் 8-ம் வகுப்புக்குள் 10 நாள் புத்தகப் பை இல்லாமல் கற்கச் சொல்கிறது. நம்ம அரசுப் பள்ளிகளும் 2023-24-ல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற ஆரம்பித்தன. அந்த 10 நாளில் ரெண்டு ராத்திரியைச் சேர்த்தால் என்ன? பாகூர் ஏரிக்கரையில் ஒரு கேம்ப் போட ஹெலிகாப்டரா வேணும்?

அடுத்த சிக்கல், பயம். அது நியாயமான பயம். 2014 ஜூனில் இமாச்சலின் பியாஸ் நதியில் ஹைதராபாத் மாணவர்கள் 24 பேரை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துப்போனது. 1993-ல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சின்னப் படகில் போன பள்ளி மாணவர்கள் 4 பேர் இறந்தார்கள். அனுபவமில்லாத பயிற்சியாளர்கள், தாமதமான மீட்பு. அதற்காக அந்த நாடு கேம்ப்பை மூடவில்லை. 1995-ல் சட்டம் போட்டு, சாகச மையங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் ஆக்கியது.

ஸோ, 'அனுப்ப மாட்டேன்'னு சொல்றதுக்குப் பதிலா கேள்வி கேளுங்க. எத்தனை பசங்களுக்கு ஒரு பெரியவர்? தண்ணியில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டா? நீரோட்டம் தெரிந்த மீனவர் யாராவது கூட இருக்காரா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எது, ராத்திரி 2 மணிக்கு வண்டி இருக்கா? மழை, புயல் அடிக்கிற அக்டோபர் - டிசம்பரில் வைக்கிறாங்களா, ஜனவரியில் வைக்கிறாங்களா? பதில் சொல்லத் திணறினால் கையெழுத்துப் போடாதீங்க. 'டாண் டாண்'னு சொன்னால் தாராளமா போடுங்க.

பொண்ணுங்க விஷயத்தில் இன்னும் ரெண்டு கேள்வி: கூடவே தங்கப்போற டீச்சர் யார்? டாய்லெட் எங்கே? இதுக்கும் சரியான பதில் வந்த பிறகு, 'பொண்ணு வெளியில தங்கறதா?'ன்னு இழுக்காதீங்க ப்ளீஸ். தம்பிக்கு மட்டும் உடனே கையெழுத்து, அக்காவுக்கு மட்டும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'! அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் அவள் ப்ளஸ் டூ முடித்துவிடுவாள்.

காலேஜ் மக்களே, உங்களுக்கும் வேலை இருக்கு. என்.எஸ்.எஸ்.ஸில் 7 நாள் கேம்ப் போறீங்க இல்லையா? டென்ட் அடிக்க, சாம்பார் கொதிக்க விட, அழற பசங்களைச் சமாளிக்க உங்களுக்குத் தெரியும். நீங்க படிச்ச அரசுப் பள்ளி ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாருங்க. 'சார், ஏழாவது பசங்களுக்கு ரெண்டு ராத்திரி... நாங்க வாலன்டியரா வர்றோம்'னு சொல்லுங்க. ரெண்டில் ஆரம்பிச்சா, நாலு தானா வரும்.

அடுத்த வாரம் பார்ப்போம்!