வாய்விட்டுத் திருத்துங்கள்

விமான நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்ததும் பயிற்சி மையங்களில் சிமுலேட்டருக்குக் கூட்டம் கூடிவிடும். நான்கு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, அதே ஓடுபாதை, அதே புறப்பாடு, அதே ஐஎல்எஸ் இறக்கம் என்று மாணவர்கள் ஓட்டித் தள்ளுகிறார்கள். நான்காவது தடவை கிளைடு ஸ்லோப் குறி நடுவில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். மாணவருக்கு மகிழ்ச்சி, பயிற்றுநருக்கும் திருப்தி. தேர்வன்று வேறு ஓடுபாதையும் குறுக்குக் காற்றும் கொடுத்தால் இந்த மனப்பாடம் கைவிட்டுவிடும்.

மதிப்பீட்டாளராகப் பின் இருக்கையில் உட்கார்ந்த ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர். இருவருமே 3,000 அடியில் சமன்செய்யும்போது 150 அடி மேலே போனார்கள். முதலாமவர் பேச்சில்லாமல் மூக்கை அழுத்தினார். 100 அடி கீழே போனது, வேகம் ஏறியது, பிடி இறுகியது. இரண்டாமவர், "ஹை, கரெக்டிங்" என்றார். பிட்சில் ஒரு பாகை குறைத்து, த்ரஸ்ட்டைச் சற்றே இழுத்து, காத்திருந்தார். இருவர் செய்ததும் ஒரே பிழை. இரண்டாமவருக்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

தேர்வுக்கு வருபவர்களில் பலர் வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரத்தைச் செஸ்னா 172 போன்ற விமானங்களில் முடித்தவர்கள். செஸ்னா 172-இன் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவற்றின் உச்சப் புறப்பாட்டு எடையோ 70 டன்னைத் தாண்டும். ஜெட் எஞ்சின் வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். 737-இல் எஞ்சின் இறக்கைக்குக் கீழே தொங்குவதால், த்ரஸ்ட் கூட்டினால் மூக்கும் கூடவே எழும்பும். ஊசியைத் துரத்துகிறவர் எப்போதும் ஒரு படி பின்னால்தான் இருப்பார்.

இதற்கு மருந்து பிட்சும் பவரும்தான். வேகமானியை நம்ப முடியாதபோது 737 என்ஜி விமானி நினைவிலிருந்து வைப்பதும் இவற்றைத்தான்: ஃப்ளாப் உள்ளே இருந்தால் 4 பாகை, 75 விழுக்காடு என்1; வெளியே இருந்தால் 10 பாகை, 80 விழுக்காடு. தேர்வில் ஓட்டப்போகும் விமானத்துக்குச் சமநிலைப் பறத்தல், இறக்கம், கோ-அரவுண்ட் ஆகியவற்றுக்கான எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொண்டால் போதும். 3 பாகைச் சரிவில் தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் இறங்கும் வேகம் கிடைக்கும்: 140 நாட் வேகத்துக்கு நிமிடத்துக்கு 700 அடி. ஃப்ளைட் டைரக்டரை அணைத்தாலும் இந்தக் கணக்கு கூட வரும்.

இடப்பக்கம், வலப்பக்கம் என்று இருக்கை மாறும்போதும் மதிப்பீடு தொடர்கிறது. ஓட்டாமல் கண்காணிக்கும் பைலட் மானிட்டரிங் இருக்கையில் பலர் ஓய்வெடுக்கிறார்கள். கண்காணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1972 டிசம்பர் 29 அன்று மியாமி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தின் முன்சக்கர விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த அனைவரும் அந்தப் பல்பிலேயே மூழ்கியிருந்தார்கள். ஆட்டோபைலட் 2,000 அடியை விட்டு மெல்ல இறங்கியதையோ உயர எச்சரிக்கை ஒலியையோ யாரும் கவனிக்கவில்லை. விமானம் தரையில் மோதி 101 பேர் இறந்தார்கள். "ஆல்டிட்யூட்" என்ற ஒற்றைச் சொல்லை உரிய நேரத்தில் சொல்லும் ஆளைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. அந்தப் பழக்கத்துக்குச் சிமுலேட்டர் வாடகை தேவையில்லை. காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, இருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால்-அவுட்டுகளைச் சத்தமாகச் சொன்னால் போதும்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வகுப்பில் அந்தப் பழகிய ஐஎல்எஸ்ஸை இன்னொரு தடவை ஓட்ட வைக்காதீர்கள். உங்கள் பலகையிலிருந்து உயரத்தை 150 அடி கூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மாணவர் வாயிலிருந்து முதலில் என்ன சொல் வருகிறது என்று கேளுங்கள்.